சுமைகூலியும் கூலிதான்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளியூர் வேலைக்கு அழைக்கும் வாடிக்கையாளர், புகைப்படக் கலைஞரிடம் கேட்கும் முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்பதுதான். கலைஞரும் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்லி விடுகிறார். கோளாறு அங்கேதான் ஆரம்பம். வாடிக்கையாளர் கேட்டது ஒரு நாள். கலைஞர் கொடுக்கப் போவதோ மூன்று நாள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஷா ஆலமில் ஒரு வணிகப் புகைப்படக் கலைஞர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். நாள் கூலி 1,500 ரிங்கிட். பினாங்கில் ஒரு வீடமைப்பு நிறுவனம், கட்டி முடித்த அடுக்குமாடியை விளம்பரத்திற்காகப் படம் பிடிக்க அழைக்கிறது. விடியற்காலை வெளிச்சமும் வேண்டும், அந்தி நேர வெளிச்சமும் வேண்டும். ஆகவே முதல் நாளே போய்ச் சேர வேண்டும். மூன்றாம் நாள்தான் திரும்ப முடியும்.

போக வர ஏறக்குறைய 700 கிலோமீட்டர். பெட்ரோல், டயர், சர்வீஸ், வாகனத்தின் தேய்மானம் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 70 காசு என்றாலும் 490 ரிங்கிட் ஆகிறது. டோலுக்கும் கார் நிறுத்துவதற்கும் 110. உதவியாளரோடு ஓர் அறையில் இரண்டு இரவு தங்க 320. இருவருக்கும் மூன்று நாள் சாப்பாடு 240. உதவியாளர் சம்பளம் மூன்று நாளுக்கு 450. மொத்தம் 1,610 ரிங்கிட். வாங்கிய 1,500 போதாமல் 110 ரிங்கிட்டைத் தன் சட்டைப் பையிலிருந்து போட்டு, மூன்று நாள் வேலை செய்து கொடுத்து விட்டு வருகிறார் நம் கலைஞர்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இதில் பண நஷ்டம் மட்டும் இல்லை. துண்டு விழுவதைச் சரிக்கட்ட அவர் முதலில் கை வைப்பது அறை வாடகையில். விடியற்காலையில் தொடங்கிய வேலையை இரவு ஒன்பது மணிக்கு முடித்து விட்டு, கண் எரிய எரிய நெடுஞ்சாலையில் ஏறுகிறார். ஓர் இரவு வாடகை 160 ரிங்கிட்டை மிச்சம் பிடிப்பதற்காக, தன் உயிரையும் பக்கத்தில் உறங்கும் உதவியாளரின் உயிரையும் பணயம் வைக்கிறார். குறைந்த விலை என்று வாடிக்கையாளர் மகிழ்கிறாரே, அந்தக் குறைவை ஈடுகட்டுவது இதுதான்.

அப்படியானால் விலையை எப்படிச் சொல்வது? நான்காகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது, படம் பிடிக்கும் நாளின் கூலி. இரண்டாவது, பயண நாளின் கூலி. அந்த நாளில் உள்ளூரில் வேறு வேலையை ஒப்புக் கொள்ள முடியாது என்பதால் பாதிக் கூலியாவது கேட்பது நியாயமே. மூன்றாவது, செலவுகள். நான்காவது, படங்களைத் திருத்திக் கொடுக்கும் வேலை. நம் கணக்கில் கூலி 1,500, இரண்டு பயண நாளுக்கு 1,500, செலவு 1,610. திருத்த வேலையைச் சேர்க்காமலேயே 4,610 ரிங்கிட் வருகிறது.

வாடிக்கையாளர் திகைக்கத்தான் செய்வார். அப்போது கூலியைக் குறைக்காமல் செலவைக் குறைக்க வழி சொல்ல வேண்டும். தங்கும் அறையை அவர்களே ஏற்பாடு செய்யலாம். உதவியாளரைப் பினாங்கிலேயே அமர்த்தலாம். அதே பயணத்தில் இன்னொரு வேலை கிடைத்தால் பயணச் செலவை இரு வாடிக்கையாளருக்கும் பகிர்ந்து விடலாம். இருவரிடமும் முழுச் செலவை வாங்குவது நேர்மையாகாது. எதுவும் ஒத்து வரவில்லை என்றால், பினாங்கிலேயே இருக்கும் நல்ல கலைஞர் ஒருவரைக் கைகாட்டி விடலாம். அந்த மரியாதையை வாடிக்கையாளர் மறக்க மாட்டார்.

பயணச் செலவு முழுவதையும் புறப்படும் முன்பே வாங்கி விட வேண்டும். மழையால் ஒரு நாள் தள்ளிப் போனால் யார் செலவு, கடைசி நேரத்தில் ரத்து செய்தால் எவ்வளவு என்பதெல்லாம் விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

கடல் தாண்டினால் கணக்கு இன்னும் நீளும். தீபகற்ப மலேசியர்கள் சபா, சரவாக்கிற்குச் சுற்றிப் பார்க்கப் போவது வேறு, வேலை செய்யப் போவது வேறு. வேலைக்கு அங்கே தனி அனுமதி தேவை. அதற்கு ஆகும் நாளும் கட்டணமும் விலையில் சேர வேண்டும். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும். 100 வாட் மணிக்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதிலும் ஒருவருக்கு இரண்டுதான். அதற்கும் பெரியது என்றால் போய்ச் சேரும் ஊரில் வாடகைக்கு எடுக்க வேண்டும். அதுவும் செலவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை எடுக்கச் சொன்னவருக்கே போய்ச் சேரும். சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நிலைமை மாறி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அது படம் எடுத்தவருக்கே உரியதாயிற்று. ஆகவே படம் எங்கே, எத்தனை காலம் பயன்படும் என்பதைப் பேசாமல் விலை பேசக்கூடாது.

அடுத்த முறை "ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று தொலைபேசி ஒலித்தால், "விவரம் சொல்லுங்கள், நாளைக் காலை எழுத்தில் அனுப்புகிறேன்" என்று கலைஞர் பதில் சொல்லட்டும். ஓர் இரவு உட்கார்ந்து போடும் கணக்குதான் மூன்று நாள் உழைப்பைக் காப்பாற்றும். நேயர்களில் யாரேனும் கலைஞரை அழைக்கும் பக்கத்தில் இருந்தால், நீண்ட விலைப்புள்ளியைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். அதில் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் பத்திரமாக வீடு திரும்புவதற்கான செலவு.