நின்ற மோட்டாரும் நிற்காத மின்சாரமும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வேலைக்குப் போகப்போற பிள்ளைகளுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார் சங்கச் செயலாளர். நூற்பாலைகளில் நான் தினமும் பார்த்த கான்டாக்டரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

பச்சைப் பட்டனை அழுத்தினால் காயில் காந்தமாகி, மூன்று ஃபேஸ் முனைகளையும் இழுத்துச் சேர்க்கும். சிவப்பை அழுத்தினால் ஸ்பிரிங் பிரித்துவிடும். அவ்வளவுதான். ஆனால் பிரியவேண்டிய முனை பிரியாமல் போனால்?

ஏன் பிரியாமல் போகும்? முதல் காரணம், தப்பான தேர்வு. 15 கிலோவாட், 415 வோல்ட் மோட்டார் ஓடும்போது சுமார் 28 ஆம்பியர் எடுக்கும். நேரடியாகக் கிளப்பும்போது அதைப்போல் ஆறு மடங்குகூட இழுக்கும். பெயர்ப்பலகையில் 'ஏசி-1: 40 ஆம்பியர், ஏசி-3: 25 ஆம்பியர்' என்று இருக்கும். 40 என்பது ஹீட்டர் போன்ற சாதுவான சுமைக்கு. மோட்டாருக்குப் பார்க்கவேண்டியது ஏசி-3. பெரிய எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் வம்புதான். தட்டித் தட்டி ஓட்டும் இன்ச்சிங் வேலைக்கு ஏசி-4. அங்கே ஆறு மடங்குக் கரண்டையே அறுக்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது, லோ வோல்டேஜ். குறித்த வோல்டேஜில் 85 சதவீதம் வரை இருந்தால் காயில் ஒழுங்காக இழுக்கவேண்டும் என்பது ஐ.இ.சி. 60947-4-1 தரவிதி. அதற்கும் கீழே போனால் இழுப்பதா விடுவதா என்று தடதடக்கும். ஒவ்வொரு தடதடப்பிலும் தீப்பொறி. வெள்ளிக் கலவை முனை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

மூன்று முனையும் ஒட்டினால் மோட்டார் நிற்காது; உடனே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் ஒட்டினால்தான் ஆபத்து. மற்ற இரண்டும் பிரிவதால் மோட்டார் நின்றுவிடும். ஆனால் ஒட்டிய ஃபேஸ் வைண்டிங் வழியாக மோட்டாரின் எல்லா டெர்மினலிலும் நிற்கும். தொட்டால் 240 வோல்ட்!

ஓர் ஆலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். விசிறி மோட்டார் நின்றிருந்தது. இண்டிகேட்டர் விளக்கும் அணைந்திருந்தது. இளம் ஃபிட்டர் டெர்மினல் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்பேனரை எடுத்தார். "இருப்பா தம்பி" என்று பெரிய ஃபிட்டர் டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்திலும் மறுமுனையை டெர்மினலிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. அந்த விளக்கு எரிந்திராவிட்டால் அன்று ஒரு வீட்டில் விளக்கு அணைந்திருக்கும்.

இண்டிகேட்டர் ஏன் பொய் சொன்னது? அது காயில் சர்க்யூட்டில் இருந்தது. காயிலுக்கு வரும் கரண்டைத்தான் அது காட்டும். முனையின் நிலையைக் காட்டாது. இப்போது 'மிரர் கான்டாக்ட்' உள்ள கான்டாக்டர்கள் கிடைக்கின்றன. மெயின் முனை ஒன்று ஒட்டியிருந்தாலும் அந்தத் துணை முனை மூடாது. பாதுகாப்பு சர்க்யூட்டில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனாலும் கான்டாக்டர் ஐசொலேட்டர் ஆகாது. மெயினை இறக்குங்கள், பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வையுங்கள், எரிகிற இடத்தில் டெஸ்ட் லேம்பைச் சரிபார்த்துவிட்டு, மூன்று டெர்மினலையும் சோதியுங்கள். இரண்டு நிமிட வேலை. "அவசரம்" என்று மேலதிகாரி சத்தம் போட்டால் போடட்டும். நாளைக்கு நீங்களே மேலதிகாரியானால், சத்தம் போடாதீர்கள்.