செங்கோலா? சட்டமா?

(பாரிவாக்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், "தேசிய சர்க்கார் எப்படி ஏற்பட்டது" என்பதாகும். பக்கத்துப் பூந்தமல்லியிலே ஒரு காலத்தில் வெள்ளைக்காரன் பட்டாளம் இருந்தது. இன்று இல்லை. ஆகவே ராஜ்யம் நம்முடையதாகிவிட்டது என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஆனால் பகுத்தறிவுக்காரன் அவ்வளவோடு விடமாட்டான். வெள்ளைக்காரன் எழுந்துபோன நாற்காலியில் யார் உட்கார்ந்தார்கள், யார் கொடுத்த அதிகாரத்தின் பேரில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டே தீருவான். நாமும் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

முதலில் அந்த நாளை எடுத்துக்கொள்ளுவோம். 1947 ஆகஸ்டு 15 என்று தேதி வைத்தவர் மவுண்ட்பேட்டன். 1945-ல் அதே தேதியில் ஜப்பான் சரணடைந்தது. அதனால் அது அவருக்கு வெற்றி நாள். நம்மவர்களோ பஞ்சாங்கத்தைப் புரட்டினார்கள். ஜோசியர்கள் அந்த நாள் ஆகாது என்று சொன்னதாகவும், அதற்காகவே 14-ந் தேதி இரவு 11 மணிக்குச் சபை கூடி நடுநிசியில் அதிகாரம் ஏற்கப்பட்டதாகவும் சொல்லப்படுகிறது. சரி, நேரம் பார்த்துப் பிறந்த ராஜ்யத்தில் அந்த மாதங்களில் நடந்ததென்ன? மதத்தின் பேரால் லட்சக்கணக்கான பேர் மாண்டார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வீடுவாசல் விட்டு ஓடினார்கள். நல்ல நேரம் ஒருவர் கழுத்தையாவது காப்பாற்றிற்றா?

அதே 14-ந் தேதி மாலையில், நமது தஞ்சைச் சீமைத் திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து போனவர்கள் டெல்லியில் ஜவஹர்லால் நேரு வீட்டுக்குச் சென்று, ஒரு செங்கோலைக் கொடுத்து, விபூதியிட்டு ஆசீர்வதித்தார்கள். அந்த மாதமே தோழர் அண்ணாத்துரை "திராவிட நாடு" பத்திரிகையில் இதைப்பற்றி எழுதி எச்சரித்தார். பின்பு அந்தக் கோல் அலகாபாத் பொருட்காட்சிசாலையில் பல வருஷகாலம் கிடந்தது. 2023 மே 28-ல்தான் அதை எடுத்துவந்து புதிய பார்லிமெண்டில் சபாநாயகர் ஆசனத்தின் அருகில் நிறுத்தினார்கள்.

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். கோல் பொருட்காட்சிசாலையில் கிடந்த காலமெல்லாம் சர்க்கார் நடக்கவில்லையா? வரி வசூலாகவில்லையா? தேர்தல் நடக்கவில்லையா? கோல் இல்லாமலே எல்லாம் நடந்ததென்றால், அதிகாரம் கோலில் இல்லை என்பதுதானே அர்த்தம்? கடவுளிடமிருந்து குருவுக்கும், குருவினிடமிருந்து ராஜாவுக்கும் அதிகாரம் இறங்கி வருகிறது என்பதுதான் செங்கோலின் தத்துவம். அந்த வரிசையில் நாற்று நடுகிறவளுக்கும் செங்கல் சுமக்கிறவனுக்கும் இடம் எங்கே இருக்கிறது?

அப்படியானால் மெய்யான அதிகாரம் எங்கிருந்து வந்தது? சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டத்தைச் செய்த அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9-ந் தேதி கூடிற்று. அதன் மெம்பர்களைப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தவர்கள் மாகாண சட்டசபைக்காரர்கள். அந்தச் சட்டசபைக்காரர்களைத் தேர்ந்தெடுத்தவர்களோ, சொத்தும் வரியும் படிப்பும் பார்த்து ஓட்டுக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியார். கூலிக்காரனுக்கு அங்கே குரல் ஏது?

இதனால்தான் பெரியார் அந்த நாளைத் துக்க நாள் என்றார். அண்ணாத்துரையோ மகிழ வேண்டிய நாள் என்றார். நமது எதிரிகள் இன்றைக்கும் இதைச் சொல்லி நம்மைப் பரிகாசம் செய்கிறார்கள். நாம் கேட்கிறோம், இதில் பரிகாசத்துக்கு என்ன இருக்கிறது? அந்நியன் போனது லாபம் என்றார் ஒருவர். போனவன் இடத்தில் ஜாதி வந்து உட்காருமே என்று கவலைப்பட்டார் மற்றொருவர். இரண்டும் உண்மையே என்பதை அடுத்து வந்த நான்கு வருஷங்களே காட்டிவிட்டன.

எப்படியென்றால், 1949 நவம்பர் 26-ல் ஏற்கப்பட்டு 1950 ஜனவரி 26-ல் அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தில், வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்றார்கள். 17-வது பிரிவில் தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்றார்கள். இவை சாமான்யமான லாபங்களல்ல. ஆனால் அதை எழுதிய குழுவின் தலைவராகிய டாக்டர் அம்பேத்கரே, சட்டம் ஏற்கப்படுவதற்கு முந்தின நாள், அரசியலில் சமத்துவமும் சமூகத்தில் பேதமுமாக வாழப் போகிறோம், இதை நீடிக்கவிட்டால் இந்த ஜனநாயகமே தகர்ந்துபோகும் என்ற கருத்துப்பட எச்சரித்தார்.

எச்சரிக்கை பலிக்க அதிக நாள் ஆகவில்லை. சென்னை ராஜ்யத்தில் வகுப்புவாரி உத்தரவு அமுலில் இருந்தது. காலேஜில் 14 இடம் என்றால், பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, ஆதிதிராவிடருக்கு 2, கிறிஸ்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கு. புதுச்சட்டம் பிறந்து ஆறே மாதத்தில், அதாவது 1950 ஜூலையில், சமத்துவத்துக்கு விரோதம் என்று சென்னை ஹைக்கோர்ட்டு அதைச் செல்லாதாக்கிற்று. 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. சமத்துவத்தின் பேராலேயே சமத்துவத்தின் வாசல் அடைபட்டது!

அப்பொழுது எந்த ஆதீனம் வந்தது? எந்தச் செங்கோல் வந்தது? பெரியார் கிளர்ச்சி செய்தார். மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. 1951 ஜூனில், முதல் பொதுத்தேர்தலுக்கு முன்னதாகவே, அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. பிற்பட்டோருக்கும் ஆதிதிராவிடருக்கும் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15(4) பிரிவு பிறந்தது. எழுத்தறியாத தகப்பன்மார் பெற்ற பிள்ளைகள் எத்தனையோ பேர் டாக்டரும் என்ஜினீயருமானது இந்த வழியில்தான்.

இது நமக்கு மட்டும் உள்ள கதையல்ல. அமெரிக்கர்கள் 1776-ல் இங்கிலீஷ்காரன் ஆட்சியை உதறி, மனிதரெல்லாம் சமம் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் அதை எழுதிய ஜெபர்சனிடமே அடிமைகள் இருந்தார்கள். 1787-ல் அவர்கள் செய்த அரசியல் சட்டத்தில், பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று பேராக எண்ணினார்கள். அடிமைத்தனம் ஒழிய 1865 வரையில், ஒரு பெரிய உள்நாட்டு யுத்தம் முடியும் வரையில், காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே அந்நியனை விரட்டுவது பாதி வேலை. உள்ளே இருக்கிற எஜமானனை இறக்குவதே மறுபாதி வேலை என்பது உலக அனுபவமாகும்.

அந்த மறுபாதி இங்கே முடிந்துவிட்டதா? 1955-ல் இதோ பக்கத்து ஆவடியிலே காங்கிரஸ் மகாநாடு கூடி, சமதர்மப் பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் செய்தது. புரோகிதரில்லாத சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று சட்டம் செய்ய 1967 ஆயிற்று. எல்லா ஜாதியாரும் அர்ச்சகராகலாம் என்று 1970-ல் சட்டம் செய்தும், பயிற்சி பெற்ற 24 பேருக்குச் சேர்ந்தாற்போல் உத்தரவு கிடைத்தது 2021-லேயே. நமது பூந்தமல்லித் தொகுதி இன்று ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. சட்டசபைக்கு ஒருவரை அனுப்பி வணக்கம் சொல்லுகிறோம். அவருடைய ஜாதியான் நமது தெருவில் வீடு வாடகைக்குக் கேட்டால் என்ன சொல்லுகிறோம்? ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே தோழர்களே! தேசிய சர்க்கார் ஒரு நாள் நடுநிசியில் ஸ்தாபிக்கப்பட்டு முடிந்துபோன காரியமல்ல. தண்ணீருக்கும் சுடுகாட்டுக்கும் ஜாதி கேட்கும் ஊர் ஒன்று இருக்கிற வரையில் அந்த ஸ்தாபனம் பாக்கியிருக்கிறது. கிராமத்தார் கிராம சபைக்குப் போய்க் கேளுங்கள். பட்டணத்தார் அரசியல் சட்டத்தைத் தமிழில் வாங்கிப் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். செங்கோலைக் கும்பிட்டவன் பிரஜையாகவே இருந்தான். சட்டத்தைக் கேள்வி கேட்டவன்தான் குடிமகனானான். நீங்கள் எதுவாக இருக்கப் போகிறீர்கள் என்பதை உங்கள் பகுத்தறிவுக்கே விட்டு, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகிறோம்.