மந்தையில் கன்றீனும் பருவம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



காங்கேய மாடுகளைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வளர்த்துவரும் குடும்பத்தினர் இச்சபையில் கூடியிருக்கின்றீர்கள். நல்ல காளை எது, நல்ல பசு எது என்று உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. எனினும், பசு எந்த மாதத்தில் கன்றீன வேண்டும் என்பதை நம்மிற் பலர் தெய்வச் செயலென்றே விட்டுவிடுகின்றோம். அதனால் நேரும் நஷ்டத்தையும், அதனைத் தவிர்க்கும் உபாயத்தையும் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

பொலிகாளை ஆண்டு முழுதும் மந்தையுடன் திரியுமாயின், பன்னிரண்டு மாதமும் கன்று பிறக்கும். மாசி, பங்குனியில் ஈன்ற பசுவுக்குக் கொறங்காட்டில் காய்ந்த புல்லன்றி வேறில்லை. அப்பசு தன் உடலைக் கரைத்தே கன்றுக்குப் பாலூட்டும். உடல் மெலியவே, மறுபடி பருவத்திற்கு வருதல் தாமதப்படும். அடுத்த ஈற்றும் தள்ளிப்போகும். அன்றியும், மூத்த கன்றுகள் உலாவும் பட்டியிற் பிறக்கும் இளங்கன்றைக் கழிச்சல் நோய் எளிதிற் பற்றும். மூத்த கன்று தாங்கும் கிருமியை இளங்கன்று தாங்காது.

இனிக் கணக்கைப் பாருங்கள். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 285 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமாயின், எஞ்சிய 80 நாளுக்குள் அது மீண்டும் சினையாதல் வேண்டும். ஈன்ற பின் கருப்பை பழைய நிலையடைய 40 நாளேனும் செல்லும். பருவமோ 21 நாளைக்கு ஒருமுறை வருவது. ஆகவே பசுவுக்குக் கிடைக்கும் நல்வாய்ப்பு இரண்டே. அவ்வேளையில் மேய்ச்சல் இல்லையேல் அவ்விரண்டும் வீணாம்.

ஆதலின், கார்த்திகை, மார்கழி ஆகிய இரண்டு மாதம் மட்டுமே காளையை மந்தையில் விட்டுப் பின் பிரித்துவிடுதல் நலம். அப்பொழுது ஆவணி நடுவிலிருந்து ஐப்பசித் தொடக்கத்திற்குள் கன்றுகள் பிறக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்க, கொழுக்கட்டைப் புல் தழைக்கும். ஈன்ற ஆறு, எட்டு வாரத்தில் பால் மிகும் காலமும் புல் மிகும் காலமும் ஒன்றுபடும். பசு மீண்டும் பருவத்திற்கு வருவதும் அப்பசுமையிலேயே நிகழும். ஆனால் சினையின் கடைசி மாதங்கள் ஆனி, ஆடியில் வருவதால், சோளத்தட்டைச் சேமித்து வைத்துச் சினைப்பசுவுக்குக் குறைவின்றி இடுதல் அவசியம்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மணற்குன்றுப் பிரதேசத்தார் மாடு வளர்ப்பது மாமிசத்தின் பொருட்டு. அவர் நோக்கம் வேறு. ஆயினும் அவரது முறையொன்று நமக்குப் பயன்படும். ஈனாத பசுக்களை வாரந்தோறும் புதிய மேய்ச்சற் பகுதிக்கு ஓட்டி, ஈன்றவற்றைக் கன்றுகளுடன் பழைய இடத்திலேயே நிறுத்துவர். இதனால் ஒரு வார வயதுக் கன்றுகளே ஒன்றாய் வளரும், கழிச்சலும் குறைந்தது. கிளுவை வேலியால் காடுகளைப் பிரித்துவைத்த நம் முன்னோரின் அமைப்பு இதற்கு ஏற்றதன்றோ!

மழை பொய்த்தால் எல்லாக் கன்றும் ஒருங்கே வருந்துமே என்று சிலர் வினவலாம். உண்மையே. ஆனால் நாள்தோறும் ஒவ்வொன்றாய் இழப்பதினும், ஒரு பருவத்திற்குத் தீவனம் சேர்த்து வைத்தல் எளிது. ஆண்டு முழுதும் பால் விற்றுப் பிழைக்கும் குடும்பத்தார்க்கு மட்டும் இம்முறை பொருந்தாது. அவர்க்கு ஈற்று பரவி வருதலே நன்று.

இதில் வேறொரு லாபமும் உண்டு. கண்ணபுரம் சந்தைக்கும் அந்தியூர்ச் சந்தைக்கும் வருவோர் ஒத்த வயதும் ஒத்த உயரமும் உடைய ஜோடியையே நாடுகின்றனர். ஒரே பருவத்திற் பிறந்த கன்றுகளில் ஜோடி சேர்ப்பது எளிது. கன்று நல்ல விலை போகாவிடில், பசுவை வைத்துக் காப்பவர் யார்? கொறங்காட்டைக் காப்பவர் யார்?

ஒன்றிரண்டு பசுவே உடைய வீட்டார் தனித்து இதனைச் செய்தல் அரிது. ஆதலின் ஊர்தோறும் நம் அங்கத்தினர் கூடி, ஒரு நற்காளையைப் பொதுவில் வைத்து, அதனை விடும் மாதத்தையும் பொதுவில் நிச்சயித்தல் வேண்டும். சினை ஊசி போடுவோரும் அவ்விரு மாதத்தையே கைக்கொள்ளலாம். காலையிற் பருவம் கண்டால் மாலையிலும், மாலையிற் கண்டால் மறுநாட் காலையிலும் போடுவது முறை. எல்லாப் பசுக்களையும் ஒரே ஆண்டில் ஒழுங்குக்குக் கொணர்தல் இயலாது. கிடேரிகளிலிருந்து தொடங்குங்கள், சில ஆண்டுகளில் மந்தை முழுதும் இசைந்துவரும்.