அறிஞரோடு பேசுவது எப்படி?



நம் தோட்டத்தில் பொங்கல் விழா நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டணத்திலிருந்து ஓர் எழுத்தாளரோ பேராசிரியரோ மலையேறி வருகிறார். மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். அவர் ஒரு மணி நேரம் பேசுகிறார். நாமும் கைதட்டுகிறோம். "யாருக்காவது ஐயம் உண்டா?" என்று அவர் கேட்டதும் சபை முழுவதும் தரையைப் பார்க்கிறது. தேநீர் வருகிறது, கூட்டம் கலைகிறது. வந்தவர் தாம் கொண்டுவந்ததைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நம்மிடம் இருந்ததில் ஒன்றையும் அவர் வாங்கிக்கொண்டு போகவில்லை.

இந்த மௌனத்துக்குக் காரணம் அறியாமைதான் என்று சிலர் சொல்வார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்றவர்கள். கிராணியார் பேர் கூப்பிடுவார். "இருக்கேங்க" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அங்கே பேச்சுக்கு இடமில்லை. துரை சொன்னது சட்டம், கங்காணி சொன்னது கட்டளை. ஏன் என்று கேட்டவருக்கு வேலை போகலாம், வேலையோடு லயத்து வீடும் போகலாம். அப்படி இரண்டு மூன்று தலைமுறை வாயை அடக்கிப் பழகிவிட்டது. பெரட்டுக் களத்தில் நின்ற அதே நிற்பில் நாம் விழா மண்டபத்திலும் உட்கார்ந்திருக்கிறோம். மேடையில் இருப்பவர் துரை இல்லை என்று நம் மனம் இன்னும் நம்பவில்லை.

1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தார். ஈப்போவில் நடந்த தமிழர் மாநாட்டில் கலந்துகொண்டு, பல ஊர்களிலும் பேசினார். கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். பெரியார் சொன்னதை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம். அவருடைய கூட்டங்களில் இருந்த ஒரு வழக்கத்தை மட்டும் பார்ப்போம். நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள், உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அவர் ஓயாமல் சொல்லுவார். கேட்க நினைத்ததைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பலாம். குதர்க்கமாகக் கேட்டாலும் பதில் வரும். எழுந்து நின்று பேசக் கூச்சப்படும் நம் பெண்களுக்கு இந்தத் துண்டுச் சீட்டு எவ்வளவு நல்ல ஏற்பாடு!

மேடையே இல்லாமலும் அறிஞரோடு உரையாடியிருக்கிறார்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் வட்டமான ஒரு முற்றம் இருந்தது. ரசிகமணி டி.கே.சி. என்று நாடறிந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர்கள் அந்த முற்றத்தில் கூடுவார்கள். கம்பன் பாட்டு ஒன்றை அவர் வாய்விட்டுப் படிப்பார், திரும்பவும் படிப்பார். பிறகு எல்லாரும் பேசுவார்கள். 'வட்டத்தொட்டி' என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வந்தது. வட்டத்தில் உட்கார்ந்தால் தலைமாடு ஏது, கால்மாடு ஏது?

டி.கே.சி. பின்னாளில் குற்றாலத்தில் வாழ்ந்தார். அவரைத் தேடிப் போனவர்களில் கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்ற கரிசல்காட்டுச் சிற்றூரின் இளைஞர்கள் இருவரும் உண்டு. இருவரும் 1923-ல் பிறந்தவர்கள், சிறுவயதுத் தோழர்கள். ஒருவர் கு. அழகிரிசாமி. மற்றவர் கி. ராஜநாராயணன். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத விவசாயி அவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடம் ஒதுங்கினேன், அப்போதும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தம்மைப் பற்றி வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டவர். நல்ல பேச்சைத் தேடிப் போய்க் கேட்டதும், கேட்டதைத் தமக்குள் ஓயாமல் பேசிக்கொண்டதும்தான் இவர்கள் பெற்ற பெரும் படிப்பு. இருவருக்குமே சாகித்ய அகாதெமி பரிசு வழங்கப்பட்டது.

அழகிரிசாமியைப் பற்றி இங்கே பேசக் காரணம் உண்டு. 1950-களில் அவர் கோலாலம்பூருக்கு வந்து 'தமிழ் நேச'னில் ஆசிரியப் பணி செய்தார். 1924-ல் தொடங்கி 2019-ல் நின்றுபோன அந்த நாளிதழை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர் வருவதற்குச் சற்று முன்பே சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே ஏட்டில் 'கதை வகுப்பு' நடத்தியிருந்தார்கள். பத்திரிகையே பள்ளிக்கூடமாகி, எங்கோ இருந்த வாசகருக்கும் கதை எழுதக் கற்றுக்கொடுத்தது. அழகிரிசாமி 'இலக்கிய வட்டம்' அமைத்தார். எழுதுகிறவர்கள் கூடுவார்கள், ஒருவர் கதையைப் படிப்பார், மற்றவர்கள் குறை நிறைகளை முகத்துக்கு நேரே சொல்வார்கள். திருநெல்வேலி முற்றத்து வட்டம்தான் கடல் கடந்து வந்ததோ என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த வட்டம் எழுத்தாளர்களுக்கானது. நம் வீட்டுத் திண்ணையில் வாசகர் வட்டம் ஒன்று கூட்டுவோமே! அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' என்ற சிறுகதையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஏழை வீடு, தீபாவளி வருகிறது. பணக்கார வீட்டுப் பையன் தங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருப்பதாகப் பெருமையடிக்கிறான். ஏழை வீட்டு வாசலுக்கும் ஒரு ராஜா வருகிறான். யாருமில்லாத, பசித்த, உடம்பெல்லாம் நோயான ஓர் அனாதைச் சிறுவன் அவன். பெயர்தான் ராஜா. தன் பிள்ளைகளுக்கே போதாத அந்த வீட்டில், தாய் அவனைக் குளிப்பாட்டி, உடுக்கத் துணி கொடுத்து, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்காரவைக்கிறாள்.

பெற்ற பிள்ளைகள் வாடும்போது ஊரான் பிள்ளைக்குத் துணி கொடுத்தது சரிதானா? அவள் செய்தது இரக்கத்தாலா, அல்லது ஏழைக்கும் ஒரு மானம் உண்டு என்பதாலா? இதற்குப் பட்டம் பெற்றவரைவிட, ஒரே சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளுக்குத் தீபாவளி நடத்திய நம் பாட்டி ஒருத்தி நன்றாகப் பதில் சொல்வாள். கதை எழுதியவரே முன்னால் இருந்திருந்தால் அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டிருப்பார்.

விஞ்ஞானத்திலும் அப்படித்தான். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, பிறகு காற்றோட்டத்தில் பரப்பி வைப்பதைப் புளிக்கவைப்பது என்பது வழக்கம். "ஐயா, மாவு புளித்தால் பொங்குகிறது, புளிப்பு வாடை வருகிறது. கொழுந்து பொங்கவில்லை, நிறம் மட்டும் மாறுகிறதே, இது என்ன புளிப்பு?" என்று ஒரு தொழிலாளி விஞ்ஞானியிடம் கேட்டால், அவர் நிமிர்ந்து உட்காருவார். அது உண்மையில் புளிப்பே இல்லை. மாவைப் புளிக்கவைப்பவை நுண்ணுயிர்கள். கொழுந்திலோ, உருட்டும்போது இலையின் நுண்ணறைகள் உடைகின்றன. பாலிபீனால் என்ற பொருளும் அதை மாற்றும் நொதியும் ஒன்று கலந்து, காற்றிலுள்ள பிராணவாயுவைப் பெற்றுச் செம்பழுப்பாகின்றன. கத்தரிக்காயை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதுவும் இதே வகை மாற்றம்தான். கொழுந்தை முதலிலேயே சூடுகாட்டி நொதியைச் செயலிழக்கச் செய்தால் பச்சைத் தேயிலை கிடைக்கிறது. பார்த்தீர்களா, அரிவாள்மனையும் தொழிற்சாலையும் ஒரே கேள்வியில் சேர்ந்துவிட்டன.

அரசியல் பேச வருகிறவரிடமும் நம் வேலையிலிருந்தே கேட்கலாம். கூடை சுமந்து கையால் கொழுந்து கிள்ளிய காலம் போய், கத்தரி வந்தது, பிறகு இருவர் பிடிக்கும் இயந்திரம் வந்தது. கொழுந்தெடுப்பவர்களில் இன்று பிறநாட்டார் பலர். நம் பிள்ளைகள் தானா ராத்தாவிலும் ஈப்போவிலும் வேறு வேலை தேடிக்கொண்டார்கள். இயந்திரத்தால் மிச்சமான உழைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? இதைக் கேட்டால் கோபித்துக்கொள்கிறவரும் இருக்கக்கூடும். அவரை அடுத்த விழாவுக்கு அழைக்காமல் இருந்துவிடலாம்!

கேள்வி கேட்பது நம் பங்கில் பாதிதான். கி. ராஜநாராயணன் 1982-ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை வெளியிட்டார். அதிலுள்ள சொற்கள் உழுதவர்களும் மாடு மேய்த்தவர்களும் பேசியவை. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பின்னர் வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021-ல் அவர் காலமானார். பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை, லயம் என்று நம் வாயிலும் ஓர் அகராதி இருக்கிறது. தோட்ட வாழ்க்கை சுருங்கச் சுருங்க அந்தச் சொற்களும் வழக்கொழிகின்றன. ஆராய்ச்சியாளர் ஒருவர் வந்தால், அவருக்கு இவற்றைச் சொல்லக்கூடியவர்கள் பெரட்டில் நின்ற நம் பெரியவர்கள்தாம்.

கூட்டத்தில் பேச முடியாவிட்டால் கடிதம் எழுதுங்கள். அழகிரிசாமி தம் நண்பருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவர் 1957-ல் தாயகம் திரும்பி, 1970-ல் தம் நாற்பத்தேழாவது வயதில் மறைந்தார். பாட்டி சொல்லப் பேத்தி எழுதலாம், கைப்பேசியில் குரலாகவும் பதிந்து அனுப்பலாம். முதல் கடிதத்துக்குப் பொருள் வேண்டுமானால், இந்த ஞாயிற்றுக்கிழமை 'ராஜா வந்திருக்கிறார்' கதையை வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அந்தத் தாய் செய்தது சரிதானா என்று முதலில் பிள்ளைகளிடம் கேளுங்கள், பெரியவர்கள் பிறகு பேசட்டும்.