தொட்டியில் இட்டாலும் அளந்து இடு



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது பழமொழி. ஓடிப்போகிற தண்ணீரில் போடுவதற்கே அளவு வேண்டுமென்றால், ஓடாமல் நிற்கிற தண்ணீரில், அதுவும் உயிர்கள் வாழ்கிற தண்ணீரில் ஒரு பொருளைப் போடும்போது எவ்வளவு கவனம் வேண்டும்! இன்றைய உரை அத்தகைய ஒரு தண்ணீரைப் பற்றியது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அடுக்குமாடி வீடுகளின் வரவேற்பறைகளில் நீல விளக்கொளியில் மின்னும் பவளப்பாறைத் தொட்டிகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு. ஆனால் அந்த அழகுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் பாட்டிலைத் திறந்து ஊற்றியதால் ஒரே இரவில் மாண்டுபோன பவளங்கள் ஏராளம்.

பவளம் செடியும் அல்ல, கல்லும் அல்ல. அது ஒரு விலங்கு. கடினப் பவளங்கள் தங்களுக்கு அடியில் சுண்ணாம்பாலான எலும்புக்கூட்டைக் கட்டிக்கொண்டே வளர்கின்றன. கட்டடம் எழுப்பக் கல்லும் சிமெண்டும் வேண்டும் அல்லவா? பவளத்துக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று கால்சியம். மற்றொன்று தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட். இந்த இரண்டாவது பொருளின் அளவைத்தான் தொட்டி வளர்ப்போர் காரத்தன்மை என்ற பெயரில் அளக்கிறார்கள்.

கடலில் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. பவளம் எடுப்பது ஒரு துளி, கடலில் இருப்பது பெருவெள்ளம். ஆனால் 200 லிட்டர் தொட்டியில் இருப்பது 200 லிட்டர்தான். பவளங்கள் நாள்தோறும் எடுத்துக்கொண்டே இருக்கும். எடுத்ததை யாராவது திருப்பி வைக்க வேண்டும். அந்த யாராவது, தொட்டிக்குச் சொந்தக்காரர்தான்.

மூன்று எண்கள்

இயற்கையான கடல்நீரில் கால்சியம் ஏறக்குறைய 420 பிபிஎம். அதாவது லிட்டருக்கு 420 மில்லிகிராம். மெக்னீசியம் ஏறக்குறைய 1,300 பிபிஎம். காரத்தன்மை, டிகேஎச் என்ற ஜெர்மன் அளவின்படி ஏறக்குறைய 7 டிகிரி. தொட்டி வளர்ப்போரில் பலர் காரத்தன்மையை 7 முதல் 9 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். 7 சிறந்ததா, 9 சிறந்ததா என்று கேட்பதைவிட, பிடித்த எண்ணில் நிலையாக நிற்பதே முக்கியம். இன்று 7, நாளை 10, மறுநாள் 8 என்று ஊசலாடினால் பவளத்தின் சதை நுனியிலிருந்து வெளுத்து உரியத் தொடங்கும். அதிலிருந்து மீள்வது எளிதல்ல.

முதல் கணக்கு: தண்ணீர் எவ்வளவு?

மருத்துவர் மருந்து எழுதுமுன் குழந்தையின் எடையைக் கேட்கிறார். இங்கே எடைக்குப் பதில் தண்ணீரின் அளவு. கடையில் சொன்ன லிட்டர் கணக்கை அப்படியே நம்பக்கூடாது. நீளம் 90, அகலம் 45, உயரம் 50 சென்டிமீட்டர் உள்ள தொட்டி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 202 லிட்டர் வரும். ஆனால் யாரும் விளிம்புவரை நிரப்புவதில்லை. தண்ணீர் 45 சென்டிமீட்டர்தான் நிற்கிறது என்றால் 182 லிட்டர். பாறையும் மணலும் 22 லிட்டர் இடத்தை அடைத்துக்கொண்டால் மிச்சம் 160. கீழே அலமாரிக்குள் இருக்கும் வடிகட்டித் தொட்டியில் 40 லிட்டர் ஓடுகிறது. ஆக மொத்தம் 200 லிட்டர். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் பக்கத்தில் ஒட்டிவைப்பது நல்லது.

இரண்டாம் கணக்கு: செலவு எவ்வளவு?

ஒவ்வொரு தொட்டியின் பசியும் வேறு. மென்பவளங்கள் மட்டும் உள்ள தொட்டி மிகக் குறைவாகவே எடுக்கும். கிளைவிட்டு வளரும் கடினப் பவளங்கள் நிறைந்த தொட்டி வேகமாக எடுக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றும் அளவு உங்கள் தொட்டிக்குப் பொருந்தாது.

செலவைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. மூன்று நாட்களுக்கு எதையும் சேர்க்காமல், தண்ணீரும் மாற்றாமல் விடவேண்டும். முதல் நாள் மாலை 7 மணிக்குக் காரத்தன்மையைச் சோதிக்கிறார்கள். 8.6 என்று வருகிறது. நான்காம் நாள் அதே 7 மணிக்குச் சோதித்தால் 7.4. மூன்று நாளில் குறைந்தது 1.2 டிகிரி. நாளொன்றுக்கு 0.4. அதே நேரம் ஏன்? பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசி வெளிச்சத்தில் உணவு தயாரிக்கிறது. அதனால் விளக்கு எரியும் பகலில்தான் பவளம் வேகமாக எலும்பு கட்டுகிறது. ஒரு நாள் காலையிலும் மறுநாள் இரவிலும் சோதித்தால் கணக்கு ஏமாற்றும்.

கால்சியத்தை விட்டுவிட்டுக் காரத்தன்மையை ஏன் சோதிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பவளம் இரண்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறது. 1 டிகிரி காரத்தன்மை குறைந்தால் ஏறத்தாழ 7 பிபிஎம் கால்சியம் குறையும். 1.2 டிகிரிக்கு எட்டரை பிபிஎம். 420ல் எட்டரை என்பது நூற்றுக்கு இரண்டு. வீட்டுச் சோதனைப் பெட்டியில் அது கண்ணுக்கே தெரியாது. ஆனால் 8.6ல் 1.2 என்பது நன்றாகத் தெரியும். ஆகவே காரத்தன்மையை அடிக்கடியும், கால்சியத்தை வாரம் ஒருமுறையும், மெக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் சோதித்தால் போதும்.

மூன்றாம் கணக்கு: எவ்வளவு இடுவது?

காரத்தன்மையை ஏற்றும் பொருள் புதிதல்ல. ஆப்ப மாவில் போடும் அதே ஆப்ப சோடாதான். வேதியியலில் அதற்கு சோடியம் பைகார்பனேட் என்று பெயர். ஆனால் பேக்கிங் பவுடர் வேறு. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். அதைத் தொட்டியில் போடக்கூடாது.

நினைவில் வைக்க ஒரு வாய்பாடு உண்டு. நூறு லிட்டர், ஒரு டிகிரி, மூன்று கிராம். அதாவது 100 லிட்டர் தண்ணீரில் 1 டிகிரி ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா வேண்டும். 200 லிட்டருக்கு 1 டிகிரி என்றால் 6 கிராம். நாள் செலவு 0.4 டிகிரி என்பதால் 2.4 கிராம்.

நாள்தோறும் 2.4 கிராம் நிறுத்துக்கொண்டிருக்க முடியாது. எனவே 80 கிராம் ஆப்ப சோடாவைச் சுத்திகரித்த நீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் கரைசலாக்கி வைத்துக்கொள்ளலாம். அதில் 30 மில்லிலிட்டரில் சரியாக 2.4 கிராம் இருக்கும். இன்னொரு பாட்டிலில் 70 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், இதுவும் ஒரு லிட்டர் கரைசல். இதிலும் நாளொன்றுக்கு அதே 30 மில்லிலிட்டர். இந்த 80க்கும் 70க்கும் காரணம் உண்டு. பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் இரண்டும் திரும்பிச் சேருவதற்காகத்தான் இந்த எடைகள். பவளம் வளர்ந்து பசி கூடினால் இரண்டையும் சேர்த்தே 35, 40 என்று கூட்டவேண்டும்.

இரண்டு பாட்டில் முறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் வெர்னர் பாலிங். வீட்டிலேயே கரைசல் தயாரிக்கும் முறையை அமெரிக்க வேதியியலாளர் ராண்டி ஹோம்ஸ் ஃபார்லி எளிமையாக்கிப் பரப்பினார்.

இரண்டு கரைசல்களையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது. கலந்தால் உடனே சுண்ணாம்பாகித் திரிந்துவிடும். நீரோட்டம் அதிகமுள்ள இடத்தில் ஒன்றை ஊற்றிச் சிறிது நேரம் விட்டே மற்றதை ஊற்றவேண்டும். இந்தத் திரிதலைத் தடுத்துவைப்பதுதான் மெக்னீசியத்தின் முக்கிய வேலை. அது மிகவும் குறைந்துவிட்டால் எவ்வளவு சேர்த்தாலும் கால்சியமும் காரத்தன்மையும் நிற்காது.

கால்சியம் குளோரைடு வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. இது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் பொருள். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் திறந்துவைத்தால் சில நாட்களிலேயே கசிந்துபோகும். பிறகு தராசில் 70 கிராம் காட்டினாலும் அதில் ஒரு பங்கு தண்ணீர்தான். எனவே பொட்டலத்தைத் திறந்த அன்றே முழுவதையும் கரைத்துவிடுவது நல்லது. கரையும்போது சூடாகும். சிறுவர்கள் அருகில் இருக்க வேண்டாம். அலமாரியில் ஈரம் உறிஞ்ச வைக்கும் வாசனைப் பெட்டிகளில் உள்ளதும் பெரும்பாலும் இதே உப்புதான் என்று அதைத் தொட்டியில் போடுவது ஆபத்து. வாசனைப் பொருள் பவளத்துக்கு நஞ்சாகலாம்.

அவசரம் வேண்டாம்

இப்போது உண்மையான சோதனை. குடும்பம் பெருநாள் விடுமுறைக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால் காரத்தன்மை 8.4லிருந்து 5.6க்கு இறங்கியிருக்கிறது. குறைவு 2.8 டிகிரி. வாய்பாட்டின்படி 16.8 கிராம். கணக்குச் சரி. ஆனால் அதை அன்றே முழுவதும் கொட்டினால்? பட்டினி கிடந்தவனுக்கு ஒரே வேளையில் ஏழு நாள் சோற்றை ஊட்டுவது போலத்தான் அது.

ஒரு நாளில் 1 டிகிரிக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது பலரும் பின்பற்றும் விதி. அரை டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. அரை டிகிரிக்கு 3 கிராம், அன்றாடச் செலவுக்கு 2.4 கிராம், ஆக 5.4 கிராம். கரைசலில் 67 மில்லிலிட்டர் சொச்சம். இப்படி ஆறு நாள். பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பொழுதுபோக்கு ஆகாது.

எண் குறைவாகத் தெரிந்ததும் மருந்தைத் தேடுவதும் தவறு. முதலில் உப்பின் அளவைப் பார்க்கவேண்டும். ஆயிரத்துக்கு 35 பங்கு இருக்கவேண்டிய உப்பு 32க்கு இறங்கினால் எல்லா எண்களுமே சேர்ந்து இறங்கும். 420 கால்சியம் 384 ஆகத் தெரியும். அங்கே தேவை கால்சியம் அல்ல, உப்புதான். சோதனைப் பெட்டி காலாவதியாகிவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். வழக்கத்துக்கு மாறான எண் வந்தால் மறுபடி ஒருமுறை சோதித்த பிறகே கை பாட்டிலுக்குப் போகவேண்டும்.

மாற்று நீரும் கணக்கில் சேரும். தொட்டியில் 8 டிகிரி, புதிதாகக் கரைத்த உப்புநீரில் 11 டிகிரி என்றால், பத்தில் ஒரு பங்கு மாற்றும்போது 0.3 டிகிரி ஏறிவிடும். ஏறக்குறைய ஒரு நாள் செலவு. அன்றைய அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, இரண்டு கரைசல்களும் வேலை முடித்தபின் விட்டுச்செல்வது சாதாரண உப்பு. இந்தத் தொட்டியில் அது மாதத்துக்கு 50 கிராம் அளவு சேரும். தண்ணீரே மாற்றாதவர் வீட்டில் ஓராண்டில் 600 கிராம். ஆகவே நீர் மாற்றத்தை மருந்து ஈடு செய்யாது.

வேலைக்குப் போகிறவர்கள் தானியங்கிப் பம்புகளை வைத்துக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பம்பு பழுதாகி நிற்காமல் ஓடினால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடவேண்டும். ஒரு லிட்டர் முழுவதும் இறங்கினால் 80 கிராம் சோடா. 200 லிட்டர் தொட்டியில் அது 13 டிகிரிக்கும் மேல். தண்ணீர் பால்போல் வெளுக்கும். பவளங்கள் பிழைப்பது அரிது. அதுவே புட்டியில் ஒரு வாரத்துக்கான 210 மில்லிலிட்டர் மட்டும் ஊற்றிவைத்திருந்தால், மிஞ்சினாலும் 2.8 டிகிரிதான் ஏறும். துன்பம் உண்டு, ஆனால் காப்பாற்ற வாய்ப்பும் உண்டு. பெரிய புட்டி வசதி, சிறிய புட்டி பாதுகாப்பு.

இத்தனை கணக்கு எதற்கு?

வீட்டில் பவளம் வளர்க்கும் முயற்சிக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் இந்த வட்டாரத்துக்காரர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள கடற்பாறைகளையும் காற்றுக் குமிழ்களையும் கொண்டு பவளம் வளர்த்த தம் முறையை 1961ல் எழுதி உலகுக்குச் சொன்னார். இன்று கடைக்கு வரும் பவளங்களில் பண்ணையில் வளர்த்தவையும் உண்டு, கடலிலிருந்து எடுத்தவையும் உண்டு. கடினப் பவளங்கள் சைட்டீஸ் அனைத்துலக உடன்பாட்டின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. அனுமதி இல்லாமல் நாடுவிட்டு நாடு கொண்டுபோக முடியாது. இருபது, முப்பது வெள்ளி கொடுத்து வாங்கிய பொருள்தானே, செத்தால் இன்னொன்று வாங்கலாம் என்று நினைப்பவர் இதையும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றியுள்ள பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி வெளுத்தன. காற்றில் கூடிய கரியமில வாயுவைக் கடல் உறிஞ்சுவதால், பவளங்கள் எலும்பு கட்டுவதும் கடினமாகி வருகிறது. அந்தப் பெருங்கடலை யாரும் 30 மில்லிலிட்டர் ஊற்றித் திருத்த முடியாது. வரவேற்பறையில் இருக்கும் 200 லிட்டர் கடலை மட்டும் திருத்த முடியும்.

அதற்குத் தேவை ஒரு சோதனைப் பெட்டி, ஒரு சிறு தராசு, ஒரு நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், எண், இட்ட அளவு என்று நான்கு கட்டங்கள் போதும். வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை இருந்தால் அந்த நோட்டை அதன் கையில் கொடுங்கள். விகிதக் கணக்கு எதற்குப் படிக்கிறோம் என்று அந்தப் பிள்ளை பிறகு கேட்காது.