முழங்கை வலி: எது காத்திருக்கும், எது காத்திருக்காது?

(நம் குடியிருப்பின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் மருந்து எதுவும் சொல்லப் போவதில்லை. எந்த முழங்கை வலிக்குப் பொறுமை போதும், எதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

துணி பிழியும்போது, பால் பாத்திரத்தைத் தூக்கும்போது, முழங்கையின் வெளிப்பக்க எலும்பு மேட்டில் சுரீர் என்கிறதா? அது பெரும்பாலும் ‘டென்னிஸ் எல்போ’. பெயர்தான் டென்னிஸ், வருவது பெரும்பாலும் மட்டையையே தொடாதவர்களுக்கு. மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள் அந்த மேட்டில் நாண்போல ஒட்டியிருக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த நாண் நைந்துபோகிறது. சச்சின் டெண்டுல்கருக்கு 2004இல் வந்ததும் இதுதான். அவர் 2005இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நம்மில் பெரும்பாலோருக்கு அது தேவைப்படாது.

ஆனால் குணமாகப் பல மாதங்கள் ஆகலாம். கையை முழுக்க முடக்கிப் போடாமல், வலி தரும் வேலையை மட்டும் குறையுங்கள். சாமானைத் தூக்கும்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும். பிசியோதெரபி பயிற்சியைப் பாதியில் விடாதீர்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு நல்ல சுகம் தரும். பிறகு வலி திரும்ப வருவது உண்டு. “ஒரு ஊசி போட்டுடுங்க டாக்டர்” என்று நாமாகக் கேட்க வேண்டாம். ஆறு வாரம் இப்படி இருந்தும் குறையவில்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இனி, காத்திருக்கக் கூடாதவை.

ஒன்று, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவது. முழங்கையை இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்த மாதிரி இருக்குமே, அந்த நரம்பு நசுங்குவதால் இது வரும். கையை மடக்கியபடி மணிக்கணக்காக போன் பேசுவதும், மேஜையில் முழங்கையை ஊன்றுவதும் இதை அதிகமாக்கும். பெரிதாக வலிக்காது என்பதால் விட்டுவிடுகிறோம். “சுகர் இருக்கு, அதனாலதான்” என்று நாமே தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். கைத்தசை மெலிந்த பிறகு போனால், அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம். சட்டைப் பொத்தான் போடவே தடுமாற வேண்டியிருக்கும்.

இரண்டு, கீழே விழுந்த பிறகு முழங்கையை முழுதாக நீட்ட முடியாவிட்டால் அன்றே எக்ஸ்ரே எடுங்கள். எண்ணெய் போட்டு உருவுவதும், இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம்.

மூன்று, முழங்கை வீங்கிச் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே காட்டுங்கள்.

நான்கு, பேரக்குழந்தைகள். சின்னக் குழந்தையைக் கையைப் பிடித்துத் தூக்கினாலோ வெடுக்கென்று இழுத்தாலோ முழங்கை எலும்பு நழுவலாம். குழந்தை அந்தக் கையை அசைக்காது. டாக்டர் சில நொடியில் சரிசெய்துவிடுவார். நாம் முயலக் கூடாது. தூக்கும்போது அக்குளில் கைகொடுத்துத் தூக்குங்கள்.

கடைசியாக, கைவலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அதை முழங்கை வலி என்று நினைக்காதீர்கள். 108க்கு போன் செய்யுங்கள்.

வலி அதிகமா குறைவா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வலிக்காமல் மரத்துப்போகும் விரலுக்குத்தான் அவசரம் அதிகம்.