குழலும் தோட்டாவும்

சியால்டாவிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறிப் பாரக்பூரைக் கடந்தால், ஹூக்ளி நதிக்கரையிலே இச்சாப்பூர் வருகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை நிறுவப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில், நம் நீலகிரியில் குன்னூருக்கு அருகே உள்ள அருவங்காட்டில் கார்டைட் என்னும் வெடிமருந்து செய்யும் தொழிற்சாலை எழுந்தது. ஒன்று எஃகுக் குழலைக் கடைகிறது. மற்றொன்று அத்தகைய குழலினுள் எரியும் மருந்தை உண்டாக்கியது. குழலுக்கும் மருந்துக்கும் உள்ள உறவு நட்பும் பகையும் கலந்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

துப்பாக்கிக் குழலின் உட்புறத்தில் திருகுபோல் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. அவை குண்டைப் பம்பரம்போல் சுழற்றி அனுப்புகின்றன. அச்சுழற்சியே குண்டு தடுமாறாமல் செல்வதற்குக் காரணம். ஆகவே பள்ளங்கள் தேய்ந்தால் குறியும் பிசகும்.

1888-இல் பிரிட்டிஷ் படை ஏற்ற லீ-மெட்போர்டு துப்பாக்கியின் பள்ளங்கள் ஆழமற்றவை, விளிம்பு உருண்டவை. அக்காலத்துக் கரிமருந்தின் கசடு தங்காமலிருக்கவே அவ்வாறு அமைத்தனர். மறு ஆண்டே ஏபல், டூவர் என்னும் இரு விஞ்ஞானிகள் கார்டைட்டைக் கண்டனர். புகை மிகக் குறைவு, வேகமோ அதிகம். ஆனால் அதன் சுடரின் வெம்மை எஃகையே அரித்தது. குண்டு பள்ளத்தில் புகும் தொண்டைப் பகுதியே முதலில் கரைந்தது. மருந்தை மாற்றியதால் குழலையும் மாற்ற வேண்டியதாயிற்று. 1895-இல் சதுர விளிம்புள்ள ஐந்து பள்ளங்களோடு லீ-என்பீல்டு வந்தது. பின்னர் கார்டைட்டிலும் நைட்ரோகிளிசரினை நூற்றுக்கு 58 பங்கிலிருந்து 30 ஆகக் குறைத்தனர். சுடர் தணிந்தது, குழலின் ஆயுள் நீண்டது.

எரிமருந்து மட்டுமன்று, அதைப் பற்றவைக்கும் சிறு மூடியும் கவனிக்கத்தக்கது. பழைய மூடிகளில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்தபின், ஒருவகை உப்பு குழலில் படிந்துவிடும். அவ்வுப்பு ஈரத்தை உறிஞ்சும். வங்காளத்து மழைக்காலக் காற்றில் இதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ? எண்ணெய் பூசினாலும் உப்புக் கரையாது. எனவேதான் சுட்ட பின்னர்க் கொதிநீர் ஊற்றிக் குழலைக் கழுவி, உலர்த்தி, அதன்பின் எண்ணெய் பூசும் வழக்கம் ஏற்பட்டது.

குண்டின் வடிவமும் குழலின் பழைய வாழ்வை மறப்பதில்லை. தட்டை அடியுள்ள குண்டைக் கார்டைட்டோடு பலகாலம் சுட்டுத் தேய்ந்த குழலில், இயந்திரத் துப்பாக்கிக்காக 1938-இல் வந்த, அடி குறுகிய புதுக் குண்டை இட்டால் குறி சிதறியது. குண்டின் ஓரமாக வாயு கசிந்து முன்னே ஓடியதே காரணம். புதுக்குழலில் தொலைவிலும் குறி தவறாத அதே குண்டு, தேய்ந்த குழலில் நம்பத்தகாததாயிற்று.

1962-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் இச்சாப்பூர் இப்பாடத்தைத் தன் உலைக்களத்திலேயே கண்டது. பழைய .303 துப்பாக்கியின் அமைப்பை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியபோது, மிகுந்த அழுத்தத்தைத் தாங்க வலிய எஃகைக் கொள்ள நேர்ந்தது.

விளையாட்டிலோ நிலைமை வேறு. அங்கே வழங்கும் .22 தோட்டாவின் ஈயக்குண்டு குழலை அதிகம் தேய்ப்பதில்லை. எனினும் ஒரே நிறுவனத்தின் தோட்டாக்களே தொகுதிக்குத் தொகுதி மாறுபடும். எந்தத் தொகுதி தம் குழலுக்கு இணங்குகிறது என்பதைத் தேர்ந்த வீரர்கள் சுட்டுச் சோதித்தே முடிவு செய்கின்றனர். 50 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கின் நடுவட்டத்தின் அகலம் 10.4 மில்லிமீட்டரே! கல்கத்தா வீரர் ஜாய்தீப் கர்மாகர் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றார். வெண்கலத்துக்கும் அவருக்கும் இடைவெளி 1.9 புள்ளிகள். இத்தகைய களத்தில் எந்த வேறுபாட்டையும் சிறிதென்று ஒதுக்க முடியாது.

ஆதலால் தோட்டாவைத் தேர்பவர் அதன் வேகத்தை மட்டும் நோக்குதல் போதாது. அது எந்தக் குழலுக்கு, அக்குழல் இதுவரை எதைச் சுட்டது, இனி எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்றும் கேட்க வேண்டும். எல்லையில் நிற்கும் வீரனின் உயிர் அவ்விடையைப் பொறுத்தது.